கண்ணுக்கு மூன்று மாதத் தவணை

அன்று காலை மழை இல்லை. இருந்தும் வைப்பரைப் போட்டேன். பேருந்தின் முன்கண்ணாடியில் வலப்பக்கமாக ஒரு கறுப்பு நூல் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தது. வைப்பர் இரண்டு முறை போய் வந்தது. நூல் அங்கேயே இருந்தது. நான் இடப்பக்கம் பார்த்தேன். நூலும் என்னோடு இடப்பக்கம் வந்தது. அது கண்ணாடியில் இல்லை, என் கண்ணுக்குள் இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

"மழையே இல்லியே ஆரோக்கியம், எதுக்கு வைப்பர் போடுறே?" என்று கேட்டார் இஸ்மாயில் பாய். அவர் என் பேருந்தின் கண்டக்டர். என்னைவிட மூன்று வயது மூத்தவர்.

"தூசி, பாய்," என்றேன்.

எழுபதுகளின் கடைசி அது. பேருந்துகளில் கண்டக்டர்கள் இன்னும் இருந்தார்கள். பொத்தோங் பாசிரில் கிளம்பி, செராங்கூன் சாலை முழுவதும் ஓடி, தேக்காவைத் தாண்டி, சைனாடவுன் வழியாகத் துறைமுகம் போய்ச் சேரும் தடம் எங்களுடையது. பதினோரு வருடம் ஓட்டியிருந்தேன். வயது நாற்பத்து மூன்று. அதற்கு ஒன்பது வருடம் முன்பே எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடம்பு சோர்ந்தால் மாத்திரை போடுவேன். நன்றாக இருந்தால் மறந்துவிடுவேன். கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் வாங்கியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

நூலை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி ரீத்தாவிடம்கூடச் சொல்லவில்லை. சில நாளில் ஒரு நூல் மூன்று நூலாயிற்று. பிறகு ஒருநாள் வலக்கண்ணில் மட்டும் புகை சூழ்ந்ததுபோல் ஆனது. இடக்கண் நன்றாகத்தான் இருந்தது. ஒரு கண்ணால் ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பெருமாள் கோயில் தாண்டியதும் ஒரு பாதசாரிக் கடப்பு உண்டு. அன்று வலப்பக்கத்திலிருந்து ஒரு பெண் மார்க்கெட் கூடையோடு இறங்கி நடந்து வந்தாள். நான் அவளைப் பார்க்கவே இல்லை. பாய் "ஏய், நிப்பாட்டு" என்று கத்தியதைத்தான் கேட்டேன். பிரேக்கை மிதித்தேன். பேருந்து நின்றபோது அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். கூடையை மார்போடு அணைத்தபடி என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் நடந்துபோனாள். உள்ளே நின்றிருந்த பயணிகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, பிறகு சரியாகி, முணுமுணுத்தார்கள்.

துறைமுகத்தில் எல்லோரும் இறங்கியபின் பாய் முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எந்தக் கண்ணு?" என்று கேட்டார்.

நான் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

"ரெண்டு வாரமா பாக்குறேன். வலது பக்கம் திரும்புறப்பலாம் தலையையே திருப்புறே. முன்னாடி அப்படிப் பண்ண மாட்டே."

"சரியாப் போயிடும் பாய். உஷ்ணம்."

"உஷ்ணம் இல்ல லா இது. நீயே டிப்போல சொல்லிடு. நீ சொல்லலேன்னா நாளைக்கு நான் சொல்லுவேன். அதுக்கப்புறம் நீ என்கூடப் பேசாட்டியும் பரவாயில்ல."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் சரி என்று தலையாட்டினேன். திரும்பும் பயணத்தை வேறு ஓட்டுநர் ஓட்டினார். நான் பயணியாக உட்கார்ந்து டிப்போவுக்குப் போனேன். மேற்பார்வையாளர் ஒரு சீனர், அதிகம் பேசாதவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். "எப்போதிலிருந்து?" என்று மட்டும் மலாயில் கேட்டார். இரண்டு வாரம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வீட்டில் ரீத்தா கேட்டாள்: "என்னங்க, இந்நேரத்துக்கே வந்துட்டீங்க?" சொன்னேன். அவள் என் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, வலக்கண்ணை உற்றுப் பார்த்தாள். வெளியிலிருந்து பார்த்தால் அதில் எதுவும் தெரியாது. "ஒண்ணுமே இல்லியே" என்றாள். அதுதான் இந்த நோயின் தந்திரம். வலி இல்லை, சிவப்பு இல்லை, கண்ணீர் இல்லை.

அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவில் முதல் நாள் முழுவதும் காத்திருப்பில் போயிற்று. நீளமான மர பெஞ்சுகள். ஒரு தாதி வந்து எல்லோர் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே போவார். அது கண்ணின் பாவையை விரிக்கும் மருந்து. அரை மணியில் எதிரே இருக்கும் சுவரொட்டியின் எழுத்துகள் கரைந்துபோகும். வெளிச்சம் கூசும். பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் குனிந்து, கையைக் கண்ணுக்கு மேல் குடைபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏதோ துக்க வீடுபோலத் தோன்றியிருக்கும்.

டாக்டரும் சீனர்தான். ஐம்பதை நெருங்கியவர். ஆங்கிலத்தை நிதானமாகப் பேசுவார். எனக்குப் புரியாத இடத்தில் மலாய்க்கு மாறுவார். அதிலும் புரியாவிட்டால் அவரோடு வேலை பார்த்த தாதி லெட்சுமி சிஸ்டர் தமிழில் சொல்வார். அன்று கையில் ஒரு ஊசி போட்டு மஞ்சள் மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து ரத்தத்தோடு ஓடிக் கண்ணின் பின்புறம் போய்ச் சேரும்போது, வரிசையாகப் படம் பிடிக்கிறார்கள். எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, எது ஒழுகுகிறது என்று அதில் தெரியும். அன்று மாலைவரை என் தோல் மஞ்சளாக இருந்தது. ரீத்தா மஞ்சள் காமாலை என்று பயந்துவிட்டாள்.

டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இந்த நோய் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. கேமராவுக்குள் பிலிம் இருப்பதுபோல. ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடியே இருந்தால் அங்கே போகும் மெல்லிய குழாய்கள் அடைத்துப்போகின்றன. ரத்தம் கிடைக்காத இடம் பட்டினி கிடந்து, எனக்கு வேண்டும் என்று கூப்பிடுகிறது. அந்தக் கூப்பாட்டுக்குப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. ஆனால் அவை நல்ல குழாய்கள் அல்ல. ஈரத் தாள்போல எளிதில் கிழியும். கிழிந்தால் கண்ணுக்குள் ரத்தம் கசியும். நான் பார்த்த கறுப்பு நூல் அந்த ரத்தம். இதற்கு லேசர் ஒளியால் சுடுவதுதான் வைத்தியம் என்றார்.

"அப்ப லேசர் வச்சு அந்தக் குழாய எரிச்சிடுவாங்களா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

சிஸ்டர் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குழாய இல்லண்ணே. பட்டினி கெடக்குற இடத்த. ஓரத்துல புள்ளி புள்ளியா சுட்டுடுவாங்க. அது கூப்பிடுறத நிறுத்திடும். அப்பறம் புதுக் குழாய் தானா வத்திப்போயிடும். ஓரத்த விட்டுக்கொடுத்து நடுவக் காப்பாத்துறாங்க."

"பழையபடி தெரியுமா?"

இதற்கு டாக்டரே பதில் சொன்னார். போனதைத் தன்னால் திருப்பித் தர முடியாது என்றார். இருப்பதைக் காப்பாற்றத்தான் இது.

கசிந்த ரத்தம் கீழே படிந்தால்தான் லேசர் ஒளி உள்ளே போகும் என்பதால் என்னை வார்டில் சேர்த்தார்கள். இரண்டு கண்ணுக்கும் கட்டு. முதுகுக்கு மூன்று தலையணை. படுக்கக் கூடாது, குனியக் கூடாது, தலையை வெடுக்கென்று திருப்பக் கூடாது. ஐந்து நாள்.

பேருந்து ஓட்டுகிறவனுக்குக் கண்ணைக் கட்டி உட்காரவைப்பதைவிடப் பெரிய தண்டனை இல்லை. முதல் நாள் பயந்து போனேன். மகள் பிலோமினாவுக்கு அப்போது பதினான்கு வயது. நான் குருடனானால் அவள் படிப்பு என்னாகும், ரீத்தா என்ன செய்வாள் என்று திரும்பத் திரும்ப அதையே நினைத்தேன். ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தேன். மணிகளை உருட்டினேனே ஒழிய எந்த மந்திரமும் வாயில் வரவில்லை. அந்தப் பெண்ணின் கூடைதான் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனக் கிழவர். அவர் முகத்தை நான் அந்த ஐந்து நாளும் பார்க்கவில்லை. வானொலியில் ஹொக்கியன் மொழிக் கதை கேட்பார். அவருக்கும் ஒரு கண் கட்டியிருந்ததாகச் சிஸ்டர் சொன்னார். இரண்டாம் நாள் பிற்பகல் என் கையை யாரோ தொட்டார்கள். உள்ளங்கையில் ஈரமாக ஏதோ விழுந்தது. உரித்த ஆரஞ்சுச் சுளை. "மாக்கான், மாக்கான்," என்றார். சாப்பிடு என்கிறார். எனக்கு இனிப்பு நீர், அதிகம் கூடாது என்று மலாயில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு இரண்டு சுளையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஒன்றை விட்டுவைத்தார். அதன்பின் தினமும் ஒரே ஒரு சுளை.

ரீத்தா தேவாலயப் பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்த்தாள். வேலை முடிந்ததும் நேரே வருவாள். வீட்டில் அதிகம் பேசாதவள், அங்கே உட்கார்ந்து நிறுத்தாமல் பேசினாள். பேருந்தில் யார் ஏறினார்கள், என்ன சேலை கட்டியிருந்தார்கள், தேக்காவில் எந்தக் கடைக்குப் புது வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று. "பச்சைன்னா எந்தப் பச்சை?" என்று கேட்பேன். "வாழ இலையத் திருப்பிப் போட்டா வருமே, அந்தப் பச்சை" என்பாள். அவள் இவ்வளவு கவனித்துப் பார்ப்பவள் என்று பதினாறு வருடத்தில் எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள், படிக்கட்டுப் பக்கம் சில்லறைக் காசு குலுங்கும் ஒலி கேட்டது. கண்டக்டர் பை. கட்டு இருந்தாலும் யாரென்று தெரிந்துவிட்டது.

"பாய்," என்றேன்.

அவர் வந்து காலடியில் உட்கார்ந்தார்.

"கோவமா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். நீங்க கத்தலேன்னா நான் இன்னிக்கு ஜெயில்ல இருந்திருப்பேன். அந்தப் பொண்ணு செத்திருக்கும்."

"அத விடு. புது டிரைவர் ஒருத்தன் வந்திருக்கான். பிரேக் போட்டா நான் பின்னாடியிருந்து முன்னாடி வந்து விழுறேன். சீக்கிரம் எந்திரிச்சு வா லா."

திரும்பி வந்து அவரோடு பேருந்து ஓட்டப்போவதில்லை என்று அப்போதே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவர் சொன்னது இதமாக இருந்தது.

கட்டுப் பிரித்து ஒரு வாரம் கழித்து முதல் லேசர். பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. கத்தி இல்லை, மயக்கம் இல்லை. மரத்துப்போகும் சொட்டு விட்டார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி உட்கார வேண்டும். கண்மேல் ஒரு தடித்த கண்ணாடி வில்லையை டாக்டர் விரலால் பிடித்துக்கொள்வார். கண்ணை மூட முடியாது. கால் மிதியை அவர் அழுத்தும்போது ஒரு 'டக்'. ஒரு பச்சை மின்னல். மறுபடி டக், மறுபடி பச்சை. நூற்றுக்கணக்கில்.

"ஜாங்ஙான் கெராக்," என்பார். அசையாதே.

அசையாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். என் தடத்தின் நிறுத்தங்களை ஒவ்வொன்றாக மனத்தில் சொல்லிக்கொண்டே போனேன். பொத்தோங் பாசிர், உட்ஸ்வில், லவெண்டர், பெருமாள் கோயில், காளியம்மன் கோயில், தேக்கா. சைனாடவுனில் மாரியம்மன் கோயிலுக்கு வருவதற்குள் டாக்டர் ஒரு பக்கத்தை முடித்துவிடுவார். சில புள்ளிகள் சுருக்கென்று கண்ணுக்குப் பின்னால் தைக்கும். அந்த இடத்தில் நரம்பு ஓடுகிறது என்று பிறகு சொன்னார்கள். முடிந்ததும் உலகம் சற்று நேரம் கத்தரிப்பூ நிறத்தில் தெரியும். பிறகு தலைவலி, அன்று முழுவதும்.

வலக்கண்ணுக்கு நான்கு தடவை. இடக்கண்ணில் நோய் ஆரம்பத்தில்தான் இருந்தது. அதற்கு இரண்டு தடவை போதும் என்றார் டாக்டர். மூன்று மாதத்தில் புகை விலகியது. ஒரு காலையில் கூடத்தில் தொங்கும் நாட்காட்டியின் தேதியை வலக்கண்ணால் மட்டும் படித்தேன். பிலோமினா அன்று பள்ளிக்கு நேரம் கழித்துத்தான் போனாள்; நான் வீட்டில் இருக்கிற அச்சடித்ததையெல்லாம் எடுத்து அவளுக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தேன்.

ஓரம் போய்விட்டிருந்தது. நேரே பார்த்தால் நன்றாகத் தெரியும். பக்கத்தில் யாராவது வந்து நின்றால் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் படிக்கட்டு தட்டுப்படாது. பேருந்து ஓட்டும் உரிமத்தை ஒப்படைத்தேன். டிப்போவில் பேருந்துகள் கிளம்பும் நேரத்தைக் குறிக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். முதல் மாதம் ஒவ்வொரு எஞ்சின் சத்தத்துக்கும் என் வலது கால் தானாக அழுந்தும்.

டாக்டரிடம் நான் அப்போது கேட்ட கேள்வியைத்தான் இன்று இந்த நோய் வந்த எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள்.

"இது எத்தனை வருஷம் நிக்கும் டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வா, பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

எனக்கு அது பதிலாகப் படவில்லை. இருந்தாலும் போனேன். இரண்டு வருடம் தவறாமல் போனேன். ஒவ்வொரு முறையும் சொட்டு மருந்து, கூச்சம், பெஞ்சு, "நன்றாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வா". நன்றாக இருக்கிற கண்ணை எதற்கு இத்தனை முறை பார்க்க வேண்டும் என்று மெல்லத் தோன்ற ஆரம்பித்தது. லேசர்தான் போட்டாகிவிட்டதே, சுட்டது சுட்டதுதானே என்று நினைத்தேன்.

அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறை டாக்டர் விளக்கை என் கண்ணில் அடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும் அந்த ஒரு நிமிடம் எனக்குத் தாங்கவில்லை. அங்கே போனால்தானே ஏதாவது சொல்வார்கள். போகாவிட்டால் எதுவும் இல்லை.

அடுத்த தவணை நாளில் ரீத்தாவிடம் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தேக்காவில் இறங்கி ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். பாய் அந்தப் பக்கம் வந்தார். கண்டக்டர் வேலை போன பிறகு அவர் தன் மச்சானின் துணிக்கடையில் வேலை பார்த்தார்.

"ஆஸ்பத்திரி முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு பாய்."

"என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்காம்."

அவர் சந்தோஷப்பட்டு எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். அதற்கடுத்த தவணையையும் அப்படியே கழித்தேன். வீட்டில் ரீத்தாவிடம் அதே 'நல்லாருக்காம்'.

கடைசியாக டாக்டரைப் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஞாயிறு பூசையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்தபோது மேலிருந்து ஒரு சிவப்புத் திரை இறங்கியது. வலக்கண் இல்லை, இடக்கண். இரண்டு தடவையே போதும் என்று விட்டுவைத்த கண். எழுத்துகள் ஒவ்வொரு வரியாக மறைந்தன. பக்கத்தில் ரீத்தா பாடிக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தை மூடி அவள் கையைப் பிடித்தேன். அவள் பாடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

மறுநாள் மருத்துவமனையில் அட்டையை வாங்கிப் பார்த்த லெட்சுமி சிஸ்டர், "ரெண்டு தடவ வரலியே அண்ணே, ஏன்?" என்று இயல்பாகக் கேட்டார். ரீத்தா என் பக்கம் திரும்பினாள். சிஸ்டர் நகர்ந்துபோகும்வரை பேசாமல் இருந்தாள்.

"அந்த ரெண்டு நாளும் எங்க போனீங்க?"

"தேக்கா. காப்பிக் கடையில உக்காந்திருந்தேன்."

"காப்பிக் கடையில."

"பயமா இருந்துச்சு ரீத்தா."

"எனக்குப் பயமா இல்லியா? நீங்க நல்லாருக்குன்னு சொன்னப்பலாம் நான் போய் மாதா முன்னால மெழுகுவத்தி ஏத்துனேன். எதுக்கு ஏத்துனேன்னு இப்பச் சொல்லுங்க."

அவள் அழவில்லை. பெஞ்சில் எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். என் பெயரைக் கூப்பிட்டபோது மட்டும் எழுந்து வந்து, மருந்து விட்ட கண்ணோடு தடுமாறாமல் இருக்க என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் விளக்கை என் கண்ணில் அடித்தார். நீண்ட நேரம் பார்த்தார். நான்தான் முதலில் கேட்டேன்: "லேசர் தேஞ்சு போச்சா டாக்டர்?"

அவர் ஒரு தாளில் வட்டம் போட்டு, நிறையப் புள்ளி வைத்துக் காட்டினார். தான் சுட்டு வைத்த புள்ளிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன என்றார். அவை தழும்பு. நீ இருக்கிறவரை இருக்கும். தேய்ந்து போகவில்லை. ஆனால் நோய் நிற்கவில்லை. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் இடம் இருக்கிறது. அங்கே மறுபடி பட்டினி, மறுபடி புதுக் குழாய். இப்போது அந்த இடைவெளிகளை நிரப்ப வேண்டும். நிரப்பிய பிறகு பல வருடம் ஒன்றும் இல்லாமலும் போகலாம். மறுபடி வரவும் செய்யலாம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பிறகு பேனாவை மூடிவிட்டு, தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். போன தவணைக்கு நீ வந்திருந்தால், ரத்தம் கசியும் முன்பே இந்தக் குழாய்களை நான் பார்த்திருப்பேன்.

ரீத்தாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியாது. "என்ன சொல்றாரு?" என்று கேட்டாள். அதை நானே அவளுக்குத் தமிழில் சொன்னேன். ஒரு சொல்கூட மாற்றாமல் சொன்னேன்.

இரண்டாம் சுற்று லேசர் முதலாவதைவிட வலித்தது. ஏற்கெனவே சுட்ட இடங்களுக்கு நடுவே, இன்னும் ஓரமாகச் சுட வேண்டியிருந்தது. ஒரு தடவை கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டு மரக்கவைத்தார்கள். மூன்று தடவை நடந்தது. ரீத்தா மூன்றுக்கும் பாலர் பள்ளியில் விடுப்பு எடுத்து வந்தாள். வழியில் அவளிடமிருந்து அதிகப் பேச்சு இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு பழைய கறுப்புக் குடையைக் கொண்டுவருவாள். வெயிலில் கண் கூசாமல் இருக்க, பேருந்து நிறுத்தம்வரை என் பக்கமாகவே சாய்த்துப் பிடித்து வருவாள். மூன்றாவது முறை திரும்பும்போது, குடைக்குக் கீழிருந்து, "அந்தக் காப்பிக் கடைச் சொவரு என்ன நெறம்?" என்று திடீரென்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. "ரெண்டு நாள் பூரா உக்காந்திருந்தீங்களே, அதக்கூடப் பாக்கலியா?" என்றாள். அவள் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

பாயிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அன்னிக்கு நான் குடுத்த காப்பிக் காச மொதல்ல எடு" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

இடக்கண் முழுவதும் திரும்பவில்லை. ரத்தம் வடிந்த பிறகு நடுவுக்கு அருகே ஒரு தழும்பு இழுத்துக்கொண்டது. அந்தக் கண்ணால் பார்த்தால் கதவின் நிலை வளைந்து தெரியும். நாட்காட்டியில் எட்டும் மூன்றும் ஒன்றுபோல் இருக்கும். அது நான் தவறவிட்ட ஏழு மாதத்துக்கான விலை. வலக்கண் தாங்கி நிற்கிறது. மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறேன். சோற்றைக் குறைத்துவிட்டேன். தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்தி மறுகண்ணால் தேதி பார்க்கிறேன். நூல் தெரிந்தால் அன்றே போக வேண்டும். தவணை நாளுக்குக் காத்திருக்கக் கூடாது.

மூன்றாம் சுற்று இன்னும் நான்கு வருடம் கழித்து வந்தது. வலக்கண்ணில், ஒரே ஒரு தடவை. அந்த முறை எந்த நூலும் இல்லை, புகையும் இல்லை. வழக்கமான சோதனையில் டாக்டர் ஒரு சின்னக் குழாய் முளைப்பதைப் பார்த்துவிட்டார். அன்றே சுட்டார். மறுநாள் வேலைக்குப் போனேன். அவ்வளவுதான். எத்தனை வருடம் நிற்கும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்: சுட்ட புள்ளி சாகும்வரை நிற்கும். மீதிக் கண்ணுக்கு யாரும் உறுதி தர முடியாது. போய்க் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

போன மாதம் தவணை நாளன்று பாலர் பள்ளியில் ஆண்டு விழா. ரீத்தாவால் வர முடியவில்லை. காலையில் குடையை என் கையில் கொடுத்து, "நீங்களே போயிட்டு வந்துடுங்க" என்றாள். அந்த ஏழு மாதத்துக்குப் பிறகு நான் தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. இப்போது இருப்பவர் இளம்பெண் டாக்டர். இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, அமைதியாக இருக்கிறது, இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்றார். சரியாகத்தான் கேட்டேனா என்று இரண்டு முறை கேட்டேன்.

மாலையில் ரீத்தா வந்ததும் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"ஆறு மாசமா?"

"ஆறு மாசம்."

அவள் அதற்குச் சான்று எதையும் கேட்கவில்லை. விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டாள்.

"பினாங்குல தங்கச்சி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. எட்டு வருஷமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னே சொல்லிட்டு இருக்கோம். ஒரு பத்து நாள் போயிட்டு வந்துடலாமா?"

"போலாம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

மறுநாள் வேலை முடிந்ததும் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குப் போய் இரண்டு டிக்கெட் எடுத்தேன். கம்பிக்குப் பின்னால் இருந்தவர் எந்த இடம் வேண்டும் என்று மலாயில் கேட்டார். ஜன்னலோரம் என்றேன். ஒன்றுதான் ஜன்னலோரம், மற்றது உள்பக்கம், பரவாயில்லையா என்றார். இல்லை, எதிரெதிராக இரண்டு ஜன்னல் கொடுங்கள் என்று சொல்லி, அவர் புத்தகத்தைப் புரட்டித் தேடும்வரை காத்து நின்றேன்.